சுவாமிமலைக்கு அடியில் ஒரு கல்: உப்புவெளி டைவ் கடை பற்றி

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். கல்லின் கதைக்குள் போனால் மறந்துபோகும். திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் இந்த டைவ் கடையின் வாடகை மாஸ்க் ஒழுகும். ஒன்றிரண்டு இல்லை, நான் போட்டுப் பார்த்த மூன்றுமே. சிலிக்கன் விளிம்பு மஞ்சளாகி விறைத்துவிட்டது. முகத்தில் வைத்து மூக்கால் இழுத்தால் ஒட்டுவதுபோல ஒட்டும். ஐந்து மீற்றர் இறங்கியதும் மூக்கடியில் தண்ணீர் சேரத் தொடங்கும். பிறகென்ன, இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் விளிம்பின் மேல்பக்கத்தை அமத்திப் பிடித்து, நிமிர்ந்து, மூக்கால் ஊதித் தண்ணீரை வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். சொந்த மாஸ்க் இருந்தால் கொண்டு போங்கள். என்னுடையது அந்தக் கிழமை வார் அறுந்து வீட்டில் கிடந்தது.

மற்றச் சாமான்கள் பரவாயில்லை. சிலிண்டர் 200 பார் அழுத்தத்துக்கு நிரம்பியிருந்தது, ரெகுலேற்றரில் மூச்சு இலகுவாக வந்தது, மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் பி.சி.டி. சட்டை எங்கும் கசியவில்லை. வெட்சூட்டின் முழங்காலில் கிழிசலுக்கு ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். எங்கள் கடல் 28, 29 பாகைச் சூட்டில் கிடப்பது. ஒரு கிழிசலால் யாரும் விறைத்துப் போகமாட்டார்கள்.

காசு விபரம்: இரண்டு டைவ், வள்ளம், சாமான்கள், இடையில் வாழைப்பழமும் பிளேன்டீயும் எல்லாம் சேர்த்து என்னிடம் 20,000 ரூபா வாங்கினார்கள். வெளிநாட்டவருக்கு டொலரில் வேறு கணக்கு. இரண்டையும் சுவரில் எழுதிப் போட்டிருக்கிறார்கள், ஒளிப்பு மறைப்பில்லை. நோய், வருத்தங்கள் பற்றிக் கேட்கும் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் அதை உண்மையாகவே வாசிக்கிறார்கள். ஆஸ்துமா என்று அடையாளமிட்ட ஒருவரை டொக்டரின் கடிதம் இல்லாமல் ஏற்றமாட்டோம் என்று என் கண் முன்னால் திருப்பி அனுப்பினார்கள். அவர் கொழும்பிலிருந்து இதற்காகவே வந்தவர், போட்ட சத்தம் கொஞ்சநஞ்சமில்லை. கடைக்காரர் அசையவில்லை. ஆனால் ஆறரைக்கு வரச்சொல்லிவிட்டு ஏழேகாலுக்குத்தான் வள்ளத்தைத் தள்ளினார்கள். இங்கே அந்த முக்கால் மணித்தியாலம் சும்மா விஷயமில்லை. காலையில் கடல் எண்ணெய் விட்டதுபோலத் தட்டையாகக் கிடக்கும். பத்து மணி தாண்டிக் கச்சான் காற்று எழும்பினால் இரண்டாவது டைவ் முடிந்து வள்ளத்தில் ஏறுவதற்குள் இடுப்பு முறிந்துவிடும்.

நான் யார் என்று சொல்லாமல் புள்ளி போட்டுக்கொண்டு போகிறேன். நான் திருகோணமலைக்காரி, பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறேன். நாற்பத்தொரு வயதில் டைவிங் பழகினேன், இது ஆறாவது சீசன். ஊர் ஆட்கள் இதற்குப் போவது குறைவு. எங்கள் சனத்தில் கடலுக்குப் போகிறவர்கள் எல்லாம் தொழிலுக்குப் போகிறவர்கள். காசு கொடுத்துத் தண்ணீருக்குள் தாழ்கிற ஒரு ரீச்சரைப் பார்த்தால் அவர்களுக்குச் சிரிப்பு. இந்தக் கடையில் எங்களைக் கீழே கூட்டிப்போகும் டைவ் மாஸ்ரராக இருக்கும் தம்பி என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் கணக்குப் படித்தவன். பின்னக் கணக்கைக் கண்டால் வயிற்றுவலி வரும் அவனுக்கு. இன்றைக்கு என் உடம்பில் எவ்வளவு நைதரசன் ஏறியிருக்கிறது, எத்தனை நிமிடம் கீழே நிற்கலாம் என்ற கணக்கை அவன்தான் பார்க்கிறான். ரீச்சரிடம் படித்தவன் மாஸ்ரர் ஆகிவிட்டான். ஆகவே என் மதிப்பீட்டில் கொஞ்சம் பாசம் கலந்திருக்கும், அதைக் கழித்துவிட்டு வாசியுங்கள்.

சுவாமிமலைக்கு, அதாவது கோணேசர் கோயில் நிற்கும் பாறைக்கு, உப்புவெளியிலிருந்து வள்ளத்தில் இருபது நிமிடம். கோட்டை முனையை நெருங்கினால் தலைக்கு நேர் மேலே கோணேசர் கோயில். கீழே பாறை செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகிறது. காலைப் பூசை நேரம் என்றால் மணிச்சத்தம் தண்ணீரில் பட்டுத் திரும்பி வரும். வள்ளக்கார அண்ணை இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கும்பிடுவார், எந்த நாட்டுக்காரர் ஏறியிருந்தாலும் அந்த அரை நிமிடம் காத்திருக்கத்தான் வேண்டும்.

இந்த இடத்தின் கதை தெரியாமல் அந்தக் கல்லின் கதை விளங்காது. 1622இல், தமிழ்ப் புதுவருசத்தன்று, சுவாமி ஊர்வலமாக வெளியே போயிருந்த நேரம் பார்த்து, போர்த்துக்கேயப் படையினர் பிராமணர் வேடத்தில் கோயிலுக்குள் புகுந்தார்கள் என்பது இங்கே பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. கோயிலை இடித்த கல்லில் கொஞ்சம் கோட்டைக்குப் போனது. கோட்டை வாசலில் இரட்டைக் கயல் பொறித்த கல்லை இன்றும் பார்க்கலாம். மிச்சம் கடலுக்குள் போனது. 1950இல் நகரசபை ஆட்கள் கிணறு வெட்டும்போது வெண்கலத் திருமேனிகள் நிலத்துக்குள்ளிருந்து வெளியே வந்தன. 1956இல் கடலுக்கடியில் படமெடுக்கும் மைக் வில்சனும் அறிவியல் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் இந்தப் பாறைக்கடியில் மூழ்கிக் கோயிலின் இடிபாடுகளைக் கண்டார்கள். கடலுக்குள் கிடந்த இலிங்கமும் அப்போதுதான் மேலே வந்தது. 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது. அம்மா அப்போது சிறுபிள்ளை, கூட்டத்தில் ஒரு செருப்பைத் தொலைத்ததைத்தான் அவர் இன்றும் சொல்லுவார்.

அப்படிப்பட்ட இடத்தில் மூழ்குகிறவர் கண்ணுக்கு எந்தக் கல்லும் வெறும் கல்லாகத் தெரியாது. பூ வேலை கொத்திய தூண் துண்டுகள் பாறைகளுக்கிடையில் கிடக்கின்றன. பாசியும் முருகையும் மூடிய கோடுகளை விளக்கடித்துப் பார்த்தால்தான் மனிதக் கை பட்டது என்று தெரியும். மேலேயிருந்து விழுந்த இன்றைய நேர்த்திகளும் உண்டு: கண்ணாடி வளையல், தேங்காய்ச் சிரட்டை, பிள்ளை வரம் கேட்டு மரத்தில் கட்டிய தொட்டிலின் ஒரு மூலை. தம்பி இந்த அடித்தளத்தின் ஒவ்வொரு பாறைக்கும் பெயர் வைத்திருக்கிறான். தட்டையான பெரிய பாறை ‘கட்டில்’. பக்கத்தில் நிற்கும் இரண்டும் ‘அண்ணன் தம்பி’. அவற்றுக்கிடையில் ஒரு மணல் வெளி இருக்கிறது, அது ‘முற்றம்’. வள்ளத்திலேயே கரும்பலகை வைத்து இதைப் படம் கீறிக் காட்டுகிறான். இந்த விளக்கத்துக்கே நான் காசு கொடுப்பேன். எனக்கு இங்கே இது பதினோராவது தடவை, முற்றத்துக்கு எந்தப் பக்கத்தால் போவது என்று எனக்கே தெரியும்.

அன்றைக்கு நாங்கள் ஐந்து பேர். தம்பி, நான், ஜேர்மன்காரக் கணவன் மனைவி, கையில் கமெராவோடு ஒரு கொழும்புப் பையன். கீழே பார்வை பன்னிரண்டு மீற்றர் வரை போனது, அது எங்கள் கடலில் நல்ல நாள். கட்டிலடியில் வழக்கமாகப் படுத்திருக்கும் அஞ்சாளை வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. பாரைக் கூட்டம் ஒன்று வந்து எங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. அண்ணனைத் தாண்டி முற்றத்துக்குள் திரும்பினோம். முன்னால் போன தம்பி சட்டென்று நின்றான்.

டைவ் மாஸ்ரர்மார் கீழே நிற்பது அபூர்வம். சுறா வந்தாலும் போய்க்கொண்டே விரலால் காட்டுவார்கள். இவன் அந்தரத்தில் அப்படியே நின்று, இரண்டு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டு பார்த்தான். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, உள்ளங்கைகளை விரித்துத் தோளைக் குலுக்கினான். இது என்னவென்று எனக்குத் தெரியாது என்று அர்த்தம்.

மணலில் ஒரு கல் இருந்தது. வட்டமாக, பீப்பாவை வெட்டிக் குந்தவைத்ததுபோல. நடுவில் ஒரு குழி. ஒரு பக்கத்தில் விளிம்பு தாழ்ந்து வெளியே வழிந்த மாதிரி ஒரு வாய். என் டைவ் கணினி 16 மீற்றர் ஆழம் காட்டியது. அந்த ஆழத்தில் சிவப்பு எல்லாம் செத்துவிடும், கல் நீலச் சாம்பலாக இருந்தது. வட்டம், குழி, தண்ணீர் ஓட ஒரு வாய். மேலே கோணேசர். நான் வேறு எதை நினைப்பேன்? ஆவுடையார்! இலிங்கம் 1956இல் மேலே போய்விட்டது, பீடம் இங்கேயே கிடந்திருக்கிறது, மணல் விலகி இன்றைக்கு எங்களுக்குத் தரிசனம் தருகிறது. கண்ணுக்குள் தண்ணீர் முட்டியது. மாஸ்க் ஒழுகியதா நான் அழுதேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கொழும்புப் பையன் என் பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் ஒன்றாக வைத்து வெடித்துக் காட்டினான். குண்டாம். ஜேர்மன்காரர் சிலேட்டில் எதையோ எழுதி மனைவிக்குக் காட்ட, அவர் அதை அழித்துவிட்டு வேறொன்று எழுதினார். நான் கும்பிட்டேன். தண்ணீருக்குள் கும்பிட்டால் ஆள் மெல்ல முன்பக்கம் கவிழும், தம்பி என் சிலிண்டரைப் பிடித்து நிமிர்த்தினான்.

அவன் அதற்குப் பிறகு செய்ததைத்தான் இந்த மதிப்பீட்டில் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஒருவரையும் தொட விடவில்லை. பையன் கையை நீட்டினான். தம்பி இடையில் புகுந்து முன்கைகளை இரண்டு தரம் குறுக்காக வைத்துக் காட்டினான். நாங்கள் நால்வரும் அண்ணன் தம்பி ஓரமாகப் போய் நின்றோம். தன் சட்டைப் பையிலிருந்து நூல் சுற்றிய உருளையை எடுத்தான். பத்து சதமமீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்ட நூல். மணல் கலங்காமல், துடுப்பை அசைக்காமல், மூச்சை மட்டும் வைத்து மேலும் கீழும் ஏறி இறங்கி அளந்தான். சிலேட்டில் கீறினான். நாலு பக்கமும் படம் எடுக்கச் சொல்லிப் பையனுக்குச் சைகை காட்டினான். ஆறு நிமிடம் இருக்கும். பிறகு காற்றைக் கேட்டான், என்னிடம் 90 பார், திரும்பினோம்.

உடம்பில் ஏறிய நைதரசன் இறங்க, மேலே வருமுன் 5 மீற்றரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். விடை தெரிந்த பிள்ளைகளைப் பரீட்சை மண்டபத்தில் பேசாமல் இருக்கச் சொன்ன மாதிரி நங்கூரக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தோம். தலை வெளியே வந்ததும் எல்லாருமாக ஒரே நேரத்தில் கதைத்தோம்.

பையன் குண்டை விடவில்லை. அவன் சொன்னதில் விஷயம் இல்லாமலும் இல்லை. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட துறைமுகம் இது. அன்றைக்குத் தீப்பிடித்த சகாயிங் என்ற கப்பலைக் கடற்படை 2018இல்தான் தண்ணீருக்குள்ளிருந்து தூக்கியது. நீர்மூழ்கிகளுக்குப் போடுகிற குண்டு பீப்பா வடிவம் என்பதும் சரி. ஆனால் தம்பி கல் என்றான். “இரும்பெண்டா துருப் பிடிச்சுத் தட்டுத் தட்டாக் கழரும் அண்ணா. இது கொத்தின கல்லு.” ஜேர்மன்காரர் மிதவை கட்டும் பாரம் என்றார். மனைவி, அதற்கு ஏன் வாய் என்று கேட்டார். நான் ஆவுடையார் என்று சொல்லி, கோமுகி என்றால் என்ன, அபிஷேகத் தண்ணீர் எப்படி வடியும் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் விளங்கப்படுத்தினேன். வள்ளத்தில் ஒரு அமைதி வந்தது. சொன்ன எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

“நீ என்ன நினைக்கிறாய் தம்பி?”

“தெரியேல்ல ரீச்சர். போன சனிக்கிழமையும் முற்றத்தாலதான் போனனான். அப்ப இது இல்லை.”

கொப்பியைப் பிரித்துக் காட்டினான். ஒவ்வொரு டைவுக்கும் ஒரு பக்கம், திகதி, ஆழம், கண்டது. போன சனிக்கிழமைப் பக்கத்தில் முற்றத்தில் ஒரு திருக்கை, வேறொன்றும் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் இவ்வளவு ஒழுங்காக ஒரு கொப்பி வைத்திருந்தானா இவன் என்று யோசித்தேன்.

மணல் விலகியிருக்கலாமே என்று கேட்டேன். விட மனமில்லை. “நாலு நாளில கச்சான் கடலில அவ்வளவு மணல் விலகாது ரீச்சர். அதோட பாசியைப் பாருங்கோ.” பையனின் கமெராத் திரையில் பெரிதாக்கிக் காட்டினான். பக்கத்துத் தூண் துண்டில் முருகையும் கடற்பஞ்சும் தோல்போல மூடியிருக்க, இந்தக் கல்லில் மெல்லிய பச்சை வழுவழுப்பு மட்டும். நானூறு வருசம் கிடந்த கல் இவ்வளவு துப்புரவாக இருக்குமா என்று அவன் கேட்கவில்லை. என்னை யோசிக்க விட்டுவிட்டுப் பிளேன்டீ ஊற்றப் போனான். வகுப்பில் நான் செய்கிற வேலை அது.

அளவும் இடித்தது. நான் அரை மீற்றருக்கும் மேலே என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். நூல் சொன்னது 32 சதமமீற்றர். மாஸ்க்குக்குள் காற்று, வெளியே தண்ணீர். ஒளி முறிந்து வருவதால் கீழே எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் காற்பங்கு கிட்டவாகவும் தெரியும். இதைப் பாடப் புத்தகத்தில் படிப்பித்தவர்களுக்கும் கீழே போனால் கண் சொல்வதுதான் வேதம். அந்தப் பெருப்பைக் கழித்தாலும் என் அரை மீற்றர் 32க்கு வராது, மிச்சத்தைப் பக்திக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

தூக்குவோமா என்று பையன் கேட்டான். காற்றுப்பை கட்டினால் இலகுவாக வந்துவிடுமாம். தம்பி மறுத்தான். 1815 மார்ச் 2க்கு முந்தியது எதுவும் தொல்பொருள், அதில் கை வைப்பது சட்டப்படி குற்றம், பழசு என்றால் திணைக்களத்துக்குச் சொல்ல வேண்டும், பழசில்லை என்றால் அந்தப் பாரத்தைத் தூக்கி என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டான். பையனிடம் பதில் இல்லை.

இவ்வளவு நேரமும் வள்ளக்கார அண்ணை பின்னால் குந்தியிருந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். நாங்கள் அவரிடம் கேட்கவேயில்லை. கடல் தொழிலில் நாற்பது வருசம் இருந்த மனிதரை ஓரமாக இருத்திவிட்டு இங்கிலீசில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்திருக்கிறோம். வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்:

“பிள்ளை, அந்தக் குழி அடிவரைக்கும் ஓட்டையோ?”

படத்தைப் பார்த்தோம். நிழல்தான் தெரிந்தது.

“கீழ எங்கயும் கயிறு கிடந்ததோ?”

தம்பி அவரைப் பார்த்தான். முகம் மாறியது. சிரிக்கத் தொடங்கினான், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணையும் அதற்கு மேல் வாய் திறக்கவில்லை, எங்களைப் பார்த்து மட்டும் “போய்ப் பாருங்கோ” என்றார். இரண்டாவது டைவுக்குத் திட்டப்படி வேறு இடத்துக்குப் போக வேண்டும். தம்பி எங்கள் எல்லாரிடமும் கேட்டான், ஒருமனதாகத் திரும்பவும் முற்றம். திட்டத்தை மாற்றினால் முகம் சுளிக்கிற கடைகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு மணித்தியாலம் கழித்து இறங்கினோம். இந்த முறை என்னை மட்டும் கிட்டக் கூப்பிட்டு, என் கையைப் பிடித்துக் குழிக்கு மேலே கொண்டுபோனான். தொடலாம் என்று தலையாட்டினான். கையுறை இல்லாத விரலை உள்ளே விட்டேன். வெளிப்பக்கம் முழுக்க உளி கொத்திய சொரசொரப்பு. உள்ளே வழவழவென்று, சறுக்கிக்கொண்டு போகிற ஒரு வளைவு. ஒரு சுற்று சுற்றினேன். என் கைக்கு அது தெரிந்தது. பள்ளிக்கூடம் போகுமுன் உளுந்து தள்ளிவிட்ட கை. குழவி சுற்றச் சுற்ற, ஓரத்தில் ஏறிவரும் மாவை இந்த வளைவில்தான் வழித்து உள்ளே தள்ளுவோம். அடியில் என் நடுவிரல் ஓட்டைக்குள் போய் மணலைத் தொட்டது.

ஆட்டுக்கல்.

ஓட்டைக்குள்ளால் நீல நைலோன் கயிற்றின் முடிச்சு ஒன்று எட்டிப் பார்த்தது. கோமுகி என்று நான் கும்பிட்ட வாய், விளிம்பு உடைந்த இடம்.

மேலே வந்ததும் அண்ணை விளக்கம் சொன்னார். பாறை ஓரத்தில் இரவில் தூண்டில் போடுகிறவர்கள் நல்ல இரும்பு நங்கூரம் போடமாட்டார்கள். இடுக்கில் மாட்டினால் எடுக்க முடியாது, காசு போகும். கல்லைக் கட்டி விடுவார்கள், போனால் போகட்டும் என்று. வீட்டுக்கு வீடு கிரைண்டர் வந்த பிறகு கோடிப்பக்கத்தில் ஆட்டுக்கல் சும்மாதானே கிடக்கிறது. அடியில் ஒரு துளை போட்டால் கயிறு கட்ட அதைப்போல வசதியான கல் வேறில்லை. கயிறு பாறையில் தேய்ந்து அறுந்திருக்கும்.

“உங்கட கல்லோ அண்ணை?”

“என்ர கல்லு போன வருசம் போயிட்டுது. இது வேற ஆற்றையோ.”

ஜேர்மன்காரிக்கு இதை விளங்கப்படுத்தத்தான் எனக்கு நேரம் எடுத்தது. ஆவுடையாருக்குப் பட்ட பாடு இதற்குப் பட்டதில் கால்வாசியும் இல்லை. தோசை என்ற சொல் அவருக்குத் தெரிந்திருந்தது, அதிலிருந்து பின்னோக்கிப் போனேன்.

அன்று பின்னேரம் பையன் அனுப்பிய படத்தை அம்மாவிடம் காட்டினேன், ஒன்றும் சொல்லாமல். கண்ணாடியைப் போட்டு ஒரு நொடிதான் பார்த்தார். “ஆற்றை ஆட்டுக்கல்லடி இது? கொத்தாமல் விட்டிருக்கினம், பார், வழுக்கிப் போச்சு. இதில மா அரைபடாது.” முந்தி அம்மி, ஆட்டுக்கல் கொத்துகிறவர்கள் உளியும் சுத்தியலுமாகத் தெருத் தெருவாக வருவார்கள்; அவர்கள் வராத வீட்டுக் கல் இப்படித்தான் இருக்குமாம். அரைத்தவள் அவசரக்காரி என்றும் சொன்னார். அது எப்படித் தெரியும் என்று கேட்டேன், பதில் வரவில்லை. அம்மா சொல்வதில் அரைவாசியை நான் நம்புவதில்லை. முதல் அரைவாசி சரி.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கடைக்கு ஐந்தில் ஐந்து கொடுத்திருப்பேன். மூன்று கிழமை கழித்துத் தங்கச்சி முறையான ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். கனடாவிலிருந்து வந்தவள், அங்கே குளத்தில் பழகினவள். கடை வாசலில் புதிதாக ஒரு பெரிய படம் தொங்கியது. எங்கள் ஆட்டுக்கல், நீலமாக, வெளிச்சக் கதிர் எல்லாம் விழ. கீழே, மறைந்துபோன கோயிலின் மர்மப் பீடம் என்று இங்கிலீசில். விலையும் கூடியிருந்தது, அதற்குப் படம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை.

முதலாளியிடம் கேட்டேன். மனிதர் கோபிக்கவில்லை. “வாறவைக்கு ஒரு கதை வேணுமெல்லோ ரீச்சர்” என்றார். உண்மைக் கதையே அங்கே கிடக்கிறதே என்றேன். பூ வேலைத் தூண் கிடக்கிறது, 1622 கிடக்கிறது, கிளார்க் மூழ்கிய இடம் கிடக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு யாரோ ஒரு மீன்பிடிகாரன் போட்ட நங்கூரத்தைப் பீடமாக்கினால், நாளைக்கு உண்மையான தூணைக் காட்டும்போது யார் நம்புவார்கள்? எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். படத்தைக் கழற்றவில்லை. ஒரு புள்ளி அதற்குக் குறைக்கிறேன். மாஸ்க்குக்கு அரைப் புள்ளி. மூன்றரை. தாமதத்துக்கும் குறைக்கலாம், தம்பி இருக்கிறான் என்பதால் விட்டுவிட்டேன். பதிவு செய்யும்போது அவன் வருகிற நாளா என்று கேட்டுப் பதியுங்கள். மற்ற இரண்டு மாஸ்ரர்மாரோடு நான் போனதில்லை.

அன்றைக்கு அவன்தான் வந்தான். எங்களோடு வேறு மூன்று வெளிநாட்டவர்கள், படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். கட்டில், அண்ணன், முற்றம். கல் கொஞ்சம் சரிந்திருந்தது. குழிக்குள் ஒரு பேய்க்கணவாய் குடிவந்து, உடைந்த வாயால் ஒரு கண்ணை மட்டும் வெளியே வைத்துப் பார்த்தது. ஓரமெல்லாம் அது தின்று போட்ட மட்டிக் கோதுகள். வெளிநாட்டவர்கள் மூவரும் பயபக்தியோடு சுற்றி நின்றார்கள். ஒருவர் தம்பியைப் பார்த்து, இதுதானா அது என்று கையால் கேட்டார்.

தம்பி என்னைப் பார்த்தான். பிறகு மணலில் முழங்காலை ஊன்றி, இடக்கையால் இல்லாத மாவைத் தள்ளிக்கொண்டு, வலக்கையால் இல்லாத குழவியைப் பிடித்துச் சுற்றத் தொடங்கினான். நிதானமாக, மூன்று சுற்று. நடுவில் நிறுத்தி, விரலால் வழித்து, பதம் பார்த்தான்.

வெளிநாட்டவர்கள் அதை ஏதோ சடங்கு என்று நினைத்திருக்க வேண்டும். தங்கச்சிக்கு விளங்கிவிட்டது, அவளுடைய ரெகுலேற்றரிலிருந்து குமிழிகள் கொத்துக் கொத்தாகப் போயின. நானும் சிரித்தேன். சிரித்தால் கன்னம் மடியும், மடிந்த இடத்தால் தண்ணீர் புகும். புது வார் போட்ட என் சொந்த மாஸ்க், மூக்குவரை நிரம்பியது.